அண்டாத் தண்ணீர் வெளிச்சம்

முத்துப்பேச்சி தன் செல்போனில் ஒருத்தியைப் படம் எடுத்தால், எடுக்கிற நேரத்தில் அவள் முகத்தில் என்ன வெளிச்சம் விழுந்திருந்ததோ அது அப்புறம் அந்த முகத்தைவிட்டு இறங்குவதில்லை என்கிற சங்கதி, நல்லூரணி ஊருக்கு ஜெயமேரியின் புது வீட்டுப் பால்காய்ப்பு அன்றைக்குத்தான் தெரியவந்தது. சாயங்காலம் நாலரை மணி இருக்கும், வந்தவர்களையெல்லாம் கவனித்து அனுப்பிய அலுப்பில் ஜெயமேரி மேற்குப் பார்த்த ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, யாரோ சொன்ன எதற்கோ சிரித்து, சிரித்து முடித்த வாய் மெல்ல மூடுகிற நேரம் பார்த்து முத்துப்பேச்சி ஒரு படம் எடுத்தாள். பொழுது அடைந்தது, வீட்டில் விளக்குப் போட்டார்கள், அந்த நாலரை மணி வெயில் மட்டும் ஜெயமேரியின் இடது கன்னத்திலேயே இருந்தது, ஜன்னல் கம்பி நிழல் இரண்டு கோடாகத் தோளில் விழுந்தபடி. மறுநாள் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

"சுடுதா?" என்று கேட்டாள் அவள் மாமியார்.

"இல்லத்த. வெதுவெதுன்னு இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

"பெறகென்ன," என்று சொல்லிவிட்டு மாமியார் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

முத்துப்பேச்சிக்கு நாற்பத்திரண்டு வயது. ஊருக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்த தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குக் குச்சி அடைக்கிற வேலை. அவளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்த ஐந்து பெண்களும் பதினைந்து வருஷத்துச் சிநேகிதிகள், ஒருத்தி வீட்டு விசேஷத்துக்கு மற்ற ஐந்து பேரும் போய், போன இடத்தில் வாழை இலை நறுக்கி, சாம்பார் வாளி தூக்கி, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள். விசேஷ வீட்டுக்கு வரும் ஸ்டுடியோக்கார இசக்கிராஜ் மேடையில் ஏறியவர்களைத்தான் எடுப்பான், வாளி தூக்கியவர்களை எடுக்க மாட்டான். கத்தாரில் இருந்து வந்த தம்பி விட்டுப்போன பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் எடுக்காதவர்களையெல்லாம் முத்துப்பேச்சி எடுத்தாள். சிரி என்று ஒருநாளும் யாரையும் சொன்னதில்லை. எவளுக்கு எந்தப் பக்கத்து முகம் எடுப்பு, எவள் கழுத்தை லேசாகத் திருப்பினால் தாடை அழகாக விழும், எவள் கண்ணைச் சுருக்காமல் இருக்க எந்த நிழலுக்குள் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. "இப்படிக் கொஞ்சம் நகந்து ஒக்காருளா, அந்த இலைய எட்டி எடு," என்று ஏதாவது வேலை சொல்வாள், எதிராளி போனை மறந்த பிறகு எடுப்பாள், எடுத்ததைக் காட்டும்போது ஒவ்வொருத்தியும் தன்னை இதுவரை சரியாகப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று போனைக் கையில் வாங்கித் திரும்பவும் பார்ப்பாள்.

ஜெயமேரிக்குப் பிறகு பூரணத்துக்கு நடந்தது. ஒரு சடங்கு வீட்டுப் பந்தலில் ரோஸ் துணிக்குக் கீழே நிறுத்தி எடுத்ததால் பூரணம் அதற்கப்புறம் வயலுக்குப் போனாலும் ரேஷன் கடைக்குப் போனாலும் ரோஸ் நிறமாகவே இருந்தாள். ஊர் கொஞ்ச நாள் இதைப் பேசியது, அப்புறம் இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்தது. மின்சாரம் போனால் பிள்ளைகள் ஜெயமேரியின் இடது பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின. மின்வாரியத்தில் இருந்து ஒருவர் வந்து பூரணத்தின் வீட்டு மீட்டரை இரண்டு தடவை பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனார். தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரிக்கு மட்டும் பயம். தீக்குச்சி மருந்து வைத்திருக்கிற இடத்துக்குள் இவர்களை விடலாமா என்று கேட்டு, ஜெயமேரியின் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ரொம்ப நேரம் பிடித்துப் பார்த்தார், குச்சி பற்றவில்லை, அப்புறம் ஆறு பேரையும் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியின் இருட்டு மூலைக்கு மாற்றி அங்கே இருந்த ட்யூப்லைட்டைக் கழற்றி ஆபீஸ் ரூமில் மாட்டிக்கொண்டார். விசேஷ வீட்டுக்காரர்கள் பெண்களுக்கான சாப்பாட்டை மதியத்திலிருந்து சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தார்கள், அந்த நேரத்து வெயில்தான் முகத்துக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னதால்.

வெளிச்சம் அணையும் வழியும் தற்செயலாகத்தான் தெரிந்தது. போனில் இடம் இல்லை என்று வந்ததால் ஒருநாள் வேலைக்கு நடுவில் முத்துப்பேச்சி மூன்று படங்களை அழித்தாள், எதிரே உட்கார்ந்திருந்த ஜெயமேரியின் கன்னம் அணைந்தது. ஜெயமேரி தன் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வீடு இருண்டுபோன மாதிரி அழுதாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஜன்னலோரம் அவளை உட்கார வைத்து மறுபடியும் எடுத்தார்கள். அன்றைக்கே முத்துப்பேச்சி போனில் இருந்த பாட்டுகளையெல்லாம் அழித்துவிட்டாள், ஒரு முகத்தையும் அதன்பிறகு அழிக்கவில்லை.

சிநேகிதிகள் ஐந்து பேரில் அன்னமயிலை மட்டும் அவள் எடுத்ததே இல்லை. அன்னமயிலின் புருஷன் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் அவள் விசேஷ வீடுகளுக்கு வருவாள், பின்வாசல் வழியாக வருவாள், பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் உட்காருவாள், போனைப் பார்த்தால் கையை முகத்துக்கு நேராகத் தூக்கிவிடுவாள். "என்னைய எடுக்காத தாயி, ஆகாது," என்பாள். முத்துப்பேச்சியும் வற்புறுத்தமாட்டாள்.

பூரணத்தின் மகனுக்கு அய்யனார் கோயில் தோப்பில் காதுகுத்து வைத்தார்கள். பெரிய அண்டா நிறையத் தண்ணீர் பிடித்துவைத்து அன்னமயில் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த ஆட்டுக்குட்டி ஒன்று அவள் முந்தானையைத் தின்ன ஆரம்பித்தது. அவள் இழுத்தாள், அது விடவில்லை, இவளும் அதுவும் மாறி மாறி இழுத்ததில் அன்னமயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏழு வருஷமாக யாரும் கேட்டிராத அந்தச் சிரிப்பைக் கேட்டு முத்துப்பேச்சி திரும்பினாள். மரத்து இடுக்கில் இறங்கிய வெயில் அண்டாத் தண்ணீரில் பட்டு, அங்கிருந்து எழும்பி அன்னமயிலின் முகத்தில் அலையலையாக ஆடிக்கொண்டிருந்தது. முத்துப்பேச்சி போனைத் தூக்கினாள். அன்னமயிலின் கையும் வழக்கம்போல முகத்தை மறைக்க எழும்பியது. பாதி வழியில் அந்தக் கை நின்றது, ஈரம் சொட்ட அப்படியே கொஞ்ச நேரம் நின்று, கீழே இறங்கியது.

"எடுத்துத் தொலை," என்றாள் அன்னமயில். "எனக்குக் காட்டாத."

அப்படித்தான் அண்டாத் தண்ணீர் வெளிச்சம் அவள் முகத்தில் வந்து தங்கியது. மற்றவர்களின் வெளிச்சம் நின்ற இடத்தில் நிற்கும், இவளுடையது நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அவள் வீட்டுச் சுவரெல்லாம் குளத்துக்குள் இருக்கிற மாதிரி அசைந்தது, பூனை அந்த அலைகளைப் பிடிக்கச் சுவரில் பாய்ந்து பாய்ந்து விழுந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து தரையில் படுத்துக்கொண்டு நீச்சல் அடித்தன. எல்லோரும் ரசித்தார்கள், அவளுடைய கொழுந்தன் குருவையா மட்டும் ரசிக்கவில்லை. ஏனென்றால் அன்னமயிலின் ஒரே மகள் ரேணுகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருபது நாள்தான் இருந்தது.

குருவையா கெட்டவன் இல்லை. அண்ணன் போன பிறகு ரேணுகாவைப் படிக்கவைத்ததும் இந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததும் அவன்தான். தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணத்தில் அவனும் அவன் பெண்டாட்டி செல்லக்கிளியும் பெற்றோர் இடத்தில் நின்று பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுப்பது என்றும், தாலி ஏறும்வரை அன்னமயில் மண்டபத்துப் பின்கட்டில் கண்ணில் படாமல் இருப்பது என்றும் பேசி முடிவாகியிருந்தது. இப்படித் தகதகவென்று ஆடுகிற முகத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பது என்பதுதான் அவன் கவலை. காலையிலேயே முத்துப்பேச்சி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"யக்கா, மதினி படத்த அழிச்சிருங்க."

"அவ சொல்லட்டும், அழிக்கேன்."

"அவுக என்ன சொல்றது? வீட்டு ஆம்பளை நான் சொல்றேன்ல?"

"மொகம் அவ மொகம்லா குருவையா."

"கலியாணத்துல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்க வந்து நிப்பீகளா?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா நான் வந்து நிப்பேன்."

மறுநாள் வேன் முத்துப்பேச்சி நின்ற இடத்தில் நிற்காமல் போனது. முந்தின தெருவிலேயே ஏறியிருந்த ஜெயமேரி அதைப் பார்த்துவிட்டு, "நிறுத்து, எறங்கணும்," என்றாள். அவளோடு பூரணமும் மற்ற இரண்டு பேரும் இறங்கினார்கள், கடைசியாக அன்னமயிலும் தலையைக் குனிந்தபடி இறங்கினாள், கொழுந்தன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஆறு பேரும் விடியற்காலையில் நாலு கிலோமீட்டர் நடந்தார்கள். பருத்திக்காட்டுக்கு நடுவே போகிற அந்த ரோட்டில் ஒருத்தி மாலை வெயிலாகவும் ஒருத்தி ரோஸாகவும் ஒருத்தி தண்ணீராகவும் வருவதைப் பார்த்து எதிரே வந்த லாரிகள் ஓரம் கட்டி நின்று வழிவிட்டன.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அன்னமயில் தூக்குவாளியைத் திறக்காமலே வந்து முத்துப்பேச்சி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழிச்சிரு பேச்சி."

முத்துப்பேச்சி சோற்றுக் கையோடு திரும்பினாள். "யாரு சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. ரேணு அழுவுதா. ஒரு மூணு மணி நேரம் பின்னால இரும்மா, அவுக வீட்டுல ஒரு சொல் சொல்லிரக் கூடாதுன்னு அழுவுதா. நான் என்ன செய்ய?"

ஆத்திரம் வந்தது முத்துப்பேச்சிக்கு, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். குருவையாவிடம் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது, அவள் சொல்லட்டும் என்றுதானே சொன்னோம், இதோ சொல்லிவிட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, படத்தைத் திறந்து, நீட்டினாள்.

"நீயே அழி. எனக்குக் கை வராது. இந்தக் குப்பைத்தொட்டி மாதிரி இருக்குல்ல, அதைத் தொடு."

அன்னமயில் வாங்கினாள். அதுவரை அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. விரலை நீட்டினாள், நீட்டிய விரல் அந்தரத்தில் நின்றது. தன்னுடைய பல்லைப் பார்த்தாள், கன்னத்துக் குழியைப் பார்த்தாள், முந்தானையின் மறுமுனையில் பாதி தெரிந்த ஆட்டுக்குட்டியின் வாயைப் பார்த்தாள். சாப்பாட்டு மணி முடிந்து மேஸ்திரி விசில் அடித்தார், அவள் எழுந்திருக்கவில்லை.

"அவுக போன அன்னைக்கு வீட்டுல கண்ணாடிய எறக்கி வச்சாக," என்றாள். "பெறகு அத யாரும் மாட்டலை. நானும் மாட்டலை."

முத்துப்பேச்சி தன் தூக்குவாளியை மூடி ஓரமாக வைத்தாள்.

"எம் பல்லு இம்புட்டு வெள்ளையா பேச்சி?"

"பெறகு?"

அன்னமயில் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இருக்கட்டும். எடம் பத்தலைன்னா வேற எவளையாவது அழி, என்னைய அழிக்காத." சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே போய்க் குச்சி அடைக்க உட்கார்ந்தாள், அன்றைக்கு அந்த இருட்டு மூலை முழுக்கத் தண்ணீர் ஆடியது.

சாயங்காலத்துக்குள் விஷயம் குருவையா காதுக்குப் போனது. ஆபீஸ் கேட்டில் வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்தான், வெளியே வந்த முத்துப்பேச்சியின் கையில் இருந்த போனைப் பிடுங்கினான், ரோட்டோரத்து மைல்கல்லில் ஓங்கி ஓர் அடி அடித்தான், அது சிதறியது, சிதறியதைச் செருப்புக் காலால் மிதித்துத் தேய்த்தான். அங்கே நின்ற அத்தனை பெண்களும் ஜெயமேரியின் கன்னத்தையும் பூரணத்தின் நெற்றியையும் அன்னமயிலின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஜெயமேரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒருத்தி பத்துவரை எண்ணினாள். எதுவும் அணையவில்லை. நாலரை மணி வெயில் நாலரை மணி வெயிலாக இருந்தது, ரோஸ் ரோஸாக இருந்தது, தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது.

பூரணம்தான் முதலில் புரிந்துகொண்டாள். "குருவையா," என்றாள், "அழிக்கணும்னா அந்தப் போன்ல இருந்துதான் அழிக்கணும். அதையும் ஒடச்சிட்ட. இனிமே ஒன்னாலயும் முடியாது, எங்களாலயும் முடியாது."

அவன் கையில் மிச்சமிருந்த ஒரு துண்டைப் பார்த்தபடி நின்றான். முத்துப்பேச்சி மண்ணில் உட்கார்ந்து உடைந்த சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டாள், அவளுக்கு அழுகை வந்தது, அழுதபடியே பொறுக்கினாள். அன்னமயில் பக்கத்தில் குத்தவைத்து அவளோடு சேர்ந்து பொறுக்கினாள், அந்த இரண்டு பேர் கைகளின் மேலும் தண்ணீர் ஓடியது.

கல்யாணத்தன்று காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம். மண்டபத்துப் பின்கட்டில் அண்டா குண்டா அடுக்குகிற அறையில் அன்னமயிலுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். மகள் முகத்துக்காக அவளும் போய் உட்கார்ந்தாள். ஆனால் அந்த அறைக்கு மேலே காற்று போவதற்கு ஒரு திறப்பு இருந்தது, அதன் வழியாக வெளிச்சம் எழும்பி மண்டபத்தின் கூரை முழுக்கப் பரவி, கொட்டுமேளத்துக்கும் நாயனச் சத்தத்துக்கும் மேலே அலையலையாக ஆட ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டுச் சின்னப்பிள்ளை ஒன்று அண்ணாந்து, "மேல தண்ணி!" என்று கத்தியது. உட்கார்ந்திருந்த நானூறு பேரும் அண்ணாந்தார்கள். மணவறையில் இருந்த ரேணுகாவும் அண்ணாந்து பார்த்தாள்.

முத்துப்பேச்சி பின்கட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தாள்.

"நீ உள்ள இருந்தாலும் வெளியதான் இருக்க, அன்னம். எந்திரி."

அன்னமயில் எழுந்தாள். அரக்குச் சேலையின் மடிப்பைச் சரிசெய்தாள். நடு வழியாக, சொந்தக்காரர்கள் கால்களை இழுத்துக்கொண்டு வழிவிட, கையை வீசி நடந்தாள். ஜெயமேரியும் பூரணமும் மற்றவர்களும் தங்கள் தங்கள் நாற்காலியில் இருந்து எழுந்து நின்றார்கள், யாரும் சொல்லி எழவில்லை. முத்துப்பேச்சியின் கை பழக்கத்தில் போனைத் தூக்குவதுபோல் மேலே போனது, அதில் ஒன்றும் இல்லை, அதைக் கீழே விட்டுவிட்டு அவள் வெறுமனே பார்த்தாள். போன் கைக்கு வந்த பிறகு ஒரு விசேஷத்தை இரண்டு கண்ணாலும் முழுசாகப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

குருவையாவும் செல்லக்கிளியும் தாரைவார்க்கத் தயாராக மணவறையில் நின்றார்கள், அன்னமயில் அங்கேயே ஏறினாள்.

"மதினி, எறங்குங்க," என்றான் குருவையா பல்லைக் கடித்துக்கொண்டு. "சபைல அசிங்கமாயிரும்."

"எறங்க மாட்டேன் தம்பி. எம் புள்ளைய நான்தான் குடுப்பேன்." சொல்லிக்கொண்டே மகள் பக்கத்தில் போய் நின்றாள். "நீங்களும் பக்கத்துல நில்லுங்க. எடம் இருக்கு."

ரேணுகா தாயைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் மோவாய் கோணியது. "சித்தப்பா, அம்மா நிக்கட்டும்," என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள், முதல் மூன்று வரிசைக்கும் கேட்டது.

குருவையா மணவறையைவிட்டு இறங்கினான். இறங்கி, யாரையும் பார்க்காமல் நடந்து, வெளியே நின்ற வேனில் போய் உட்கார்ந்துகொண்டான், வெற்றிலைப் பாக்குத் தட்டு வரும்வரை வரவில்லை. கூட வா என்று கண்ணைக் காட்டிவிட்டுத்தான் போனான், செல்லக்கிளி போகவில்லை. செம்பை எடுத்து அன்னமயிலின் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு முணுமுணுப்பு கிளம்பி, நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் மாப்பிள்ளையின் தாயைப் பார்த்தார்கள். அந்தம்மாள் ரேணுகாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பட்டும் நகையும் போட்டு விறைத்து உட்கார்ந்திருந்த பெண்ணின் நெற்றியிலும் மூக்கிலும் தாயின் வெளிச்சம் அலையடித்து அலையடித்து அவளை உயிருள்ள பெண்ணாக ஆக்கிக்கொண்டிருந்தது. "பொண்ணு மேல நல்லாத்தான் விழுகுது," என்றாள் அவள். "நேரம் போகுது. ஆகவேண்டியதப் பாருங்க." இழுபட்ட நாற்காலிகள் திரும்பி வந்தன.

அப்போதுதான் இசக்கிராஜ் கேமராவை இறக்கினான். இரண்டு பக்கமும் குடை வைத்த பெரிய லைட்டுகள், அவற்றுக்கு நடுவில் அவன். "எம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிருங்க," என்றான். "ஒங்க வெளிச்சம் ஆடிக்கிட்டே இருக்கு, என் லைட்டக் கெடுக்குது. தாலி கட்டுற படம் ஒண்ணும் தேறாது."

அன்னமயில் செம்பைப் பிடித்தபடி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்க லைட்ட அமத்துங்க தம்பி."

அவன் முத்துப்பேச்சியைப் பார்த்தான், மாப்பிள்ளையின் தாயைப் பார்த்தான், எழுந்து நின்ற நாலு பெண்களையும் பார்த்தான். இடது பக்கத்து லைட்டை அமத்தினான். வலது பக்கத்து லைட்டையும் அமத்தினான். கெட்டிமேளம் கொட்டியது, அன்னமயில் சாய்த்த செம்பிலிருந்து தண்ணீர் இறங்கியது, அவள் முகத்துத் தண்ணீர் மகளின் கழுத்தில் ஏறிய தாலியின் மேல் ஆடிக்கொண்டே இருந்தது.